காட்டுக் கொப்பியில் ஒரு பெயர்

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் முதல் பிள்ளை பிறந்த இரண்டாம் நாளே இறந்துபோனது. அதன்பின் மனைவி செயின்ட்-மிஷேல் பகுதியிலிருந்த எங்கள் வீட்டைவிட்டு எங்கும் வரவில்லை. என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த கியூபெக்காரப் பெண் ஒருத்தி, "அவளை நடக்கக் கூட்டிப்போ" என்று ஒரு தாளைத் தந்தாள். எங்கள் நகரம் இருந்த தீவின் மேற்கே, மரம் வெட்டத் தடையுள்ள காடொன்றில் யாரோ ஒளித்துவைத்த பெட்டிக்கு அது வழி சொன்னது. அது அங்கே ஒரு விளையாட்டு: கண்டுபிடிப்பவர்கள் உள்ளிருக்கும் கொப்பியில் தாங்கள் கொண்டுவரும் ரப்பர் முத்திரையைக் குத்திவிட்டு, பெட்டியை அங்கேயே வைத்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். மனைவி எனக்கு முன்னால் நடந்தாள். சரிந்த மேப்பிள் மரத்தின் வேருக்கடியில் பெட்டியைக் கண்டது அவள்தான்.

"எங்களிட்ட முத்திரை இல்லையே," என்றேன்.

அவள் பெட்டிக்குள் இருந்த மையில் பெருவிரலைத் தொட்டுக் கொப்பியில் பதித்தாள். அதன் கீழே, பிள்ளைக்கு வைக்க நினைத்திருந்த பெயரைத் தமிழில் எழுதினாள். அந்தப் பெயரை நாங்கள் இருவரும் சொல்லாமல் தவிர்த்து வந்தோம்.

"ஆரும் வாசிப்பினமோ?" என்று கேட்டாள்.

"தமிழ் ஆக்கள் வந்தால் வாசிப்பினம்."

"வாசிக்காட்டியும் பரவாயில்லை. ஒரு இடத்திலையாவது எழுதி இருக்கட்டும்."

பெட்டியை மூடி, பழைய இடத்திலேயே வைத்தோம். காட்டைவிட்டு வெளியே வரும்வரை அவள் அழுதுகொண்டே வந்தாள். பிள்ளை போனபின் அவள் முதல்முறையாக அழுதது அன்றுதான்.