மேற்குப் பார்த்த கொமட்

வியாழன் பின்னேரம் உம்மாவின் முழங்கைக்குக் கீழே நீலம் பாரித்திருப்பதைக் கண்டேன். நான் கேட்குமுன்னரே முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார்.

"குசினிக் கதவுல இடிச்சது புள்ள."

மறுநாள் ஜும்ஆத் தொழுகை முடிந்து காக்கா, என் மூத்த சகோதரர், வர இருந்தார். மாரி மழையில் வெளிக் கக்கூசுக்குப் போகும்போது உம்மா வழுக்கி விழுந்ததிலிருந்து காக்காவுக்கு ஒரே பேச்சுத்தான்: "இன்னொருக்கா விழுந்தா என்ட ஊட்ட கூட்டிப் போயிருவன்." அவர் வீடு என்பது சாய்ந்தமருதில் மதினியின் வீடு. எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்த ஆண் அங்கே போய் இருப்பான். வாப்பா மௌத்தான பிறகு உம்மா தனியே இருக்கும் இந்த வீடும் எனக்கென்று கட்டியதுதான்.

"மருமகள்ட ஊட்ல, அவட உம்மாக்கு முன்னால, நான் போய்க் கிடக்கவா?" என்பார் உம்மா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்துப் பல்கலைக்கழகமும் போனவள் நான்தான். கொழும்பில் கட்டிடங்களுக்கு வரைபடம் வரைகிறேன். உம்மாவின் அறையோடு ஒட்டிய குளியலறையையும் நானே வரைந்தேன். வாசலில் படி கிடையாது. வழுக்காத தரைக்கல். உட்காரும் கொமட்டுக்குப் பக்கத்துச் சுவரில் பிடிகம்பி. நான் கொழும்பில் இருக்கும்போதே காரைதீவு மேசன் வேலையை முடித்துவிட்டார். புதன்கிழமை லீவில் வந்து இறங்கியதுமே பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூட்டிக் காட்டினேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொறாமை என்றுதான் நினைத்தேன்.

இப்போது அந்த நீலத்தைக் கண்டபின் மனம் கேட்கவில்லை. உம்மா குர்ஆன் ஓத உட்கார்ந்த நேரம் குளியலறைக்குள் போனேன். உம்மாவுக்கென்று கட்டியது என்பதால் நான் வெளியேதான் போய் வந்திருந்தேன். தரை காய்ந்து கிடந்தது. சவர்க்காரம் உறை பிரிக்கப்படவில்லை. கம்பியில் சுற்றிய பொலித்தீனும் அப்படியே இருந்தது. கொமட்டில் உட்கார்ந்து பார்த்தேன். காற்றுத் துவாரத்தால் பின்னேர வெயில் நேரே முகத்தில் அடித்தது.

மேற்கு. கிப்லா. தொழும் திசையைப் பார்த்துக் கக்கூசுக்கு இருப்பது எங்களுக்கு ஆகாது.

துள்ளி எழும்பினேன். என் வரைபடத்தில் அது வடக்குப் பார்த்தது; நேற்றுக் காட்டிய பெருமையில் நான் கவனிக்கவேயில்லை. குழாய் இறக்க லேசு என்று மேசன் திருப்பி வைத்திருக்கிறார். அவர் முஸ்லிம் இல்லை; அவருக்கு அது தெரிய நியாயமில்லை.

"அந்த ஆள் வைக்கக்குள்ள சொல்லியிரிக்கலாமே உம்மா?"

"அறியாத ஆம்பிளைக்கிட்ட, நான் இருக்கிற பக்கம் சரியில்லண்டு எப்பிடிப் புள்ள சொல்ற?"

"எனக்காவது?"

"நீ அவ்வளவு ஆசையாக் கட்டினது." முந்தானைக்கு மேலால் முழங்கையைத் தடவினார். "முந்தநாள் வெளிய போகக்குள்ள கிணத்தடியில சறுக்கிட்டு. காக்காட்டச் சொல்லிராத."

மறைத்தால் உம்மா இன்னும் மழைக்குள் வெளியே போவார். சொன்னால் சாய்ந்தமருது. மேசனுக்கு உடனே போன் எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் வந்து தலையில் கைவைத்தார். "தங்கச்சி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அண்டைக்கே திருப்பியிருப்பனே!"

தெருவில் ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் கேட்டது. எங்கள் வீட்டுக்குள் சீமெந்து உடையும் சத்தம். கம்பியையும் மாற்ற வேண்டும். உயரம் பார்க்க உம்மாவை உட்காரச் சொன்னார் மேசன். உம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நானே உட்கார்ந்து காட்டினேன்.

மேசன் வெளியேறவும் காக்காவின் மோட்டார் சைக்கிள் வரவும் சரியாக இருந்தது. ஈரச் சீமெந்தைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"என்ன, இப்பதான் வேலை முடிஞ்சிரிக்கி?"

நான் வாயைத் திறக்குமுன் உம்மா வந்துவிட்டார். "கிப்லாப் பக்கம் இருந்திச்சி. திருப்பினம்."

"அப்ப இவ்வளவு நாளும் எங்க போன நீங்க?"

"வெளிய."

காக்கா உம்மாவின் கையைப் பிடித்து முந்தானையை விலக்கினார். நீலம் தெரிந்தது. "உடுப்ப எடுங்க உம்மா. போவம்."

"காக்கா..." என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

உம்மா கையை இழுத்துக்கொண்டார். "வெளிக் கக்கூசுக்குப் பூட்டுப் போடு. திறப்பையும் நீயே கொண்டு போ. இனி நான் அங்கால போனா, அண்டைக்கி வந்து கூட்டிப் போ. உன்ட பொண்டாட்டி நல்லவதான். ஆனா இப்ப நான் வரமாட்டன்."

காக்கா குனிந்து சீமெந்தை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "எப்ப சீமெந்து இறுகும்?" என்றார்.

அது இறுகும்வரை உம்மாவை நான் கைபிடித்துத்தான் வெளியே கூட்டிப்போனேன். ஞாயிறு காக்கா வந்து பூட்டுப் போட்டார். திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் போனார்.

மறுநாள் சுபஹுத் தொழுகைக்கு உம்மா எழும்பும் சத்தம் கேட்டது. அன்று நான் கொழும்புக்குப் போக வேண்டும். பின்கதவுத் தாழ்ப்பாள் விலகுமோ என்று செவிமடுத்துக்கொண்டு படுத்திருந்தேன். குளியலறை லைட் சுவிட்ச் போடும் சத்தம். தண்ணீர் ஓடியது. பிறகு ஒன்றுமில்லை. எழும்பி ஓடலாமா என்று நினைக்கையில் உள்ளிருந்து குரல் வந்தது:

"என்ன புள்ள, கம்பிய உன்ட உயரத்துக்கு அடிச்சி வெச்சிரிக்கா? எனக்கு எட்டுதில்ல!"

பஸ்ஸைப் பிந்திப் பிடிக்கலாம் என்று முடிவெடுத்து, மேசனுக்குப் போன் எடுக்க விடியும்வரை காத்திருந்தேன்.