சனிக்கிழமைக் குதிரைகள்

ஃபிஜியில் இரண்டாயிரமாவது வருஷம் நடந்த கலகத்தில் சமபுலாவில் இருந்த ப்ரேமிலாவின் கடையை உடைத்துச் சூறையாடினார்கள். ஆறே மாதத்தில் அவள் குடும்பத்தோடு பிரிஸ்பேனுக்குப் போய்விட்டாள். தங்கை மோகினி பா என்கிற சின்ன டவுனில், வரதோலிப் பக்கம் தங்கிவிட்டாள். கணவருக்கு அங்கேதான் வேலை. விசாவுக்கு இரண்டு தடவை எழுதிப்போட்டும் கிடைக்கவில்லை.

பல வருஷம் தீபாவளிக்கு ஒரு போன், அவ்வளவுதான். "எல்லாரும் சௌக்கியமா?" என்பார்கள். அதற்கு மேல் என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியாது.

அதை மாற்றியது குதிரைப் பந்தயம். ப்ரேமிலா அங்கே ஒரு ஆன்லைன் கம்பெனியில் சும்மா பணம் கட்டிப் பார்த்தாள். மோகினியின் மகள் கரிஷ்மா அதே வெளிநாட்டுக் கம்பெனியில் அம்மாவுக்கும் போனில் ஒரு கணக்கு திறந்து கொடுத்தாள். சனிக்கிழமை ஒரு மணிக்குப் போனில் பேசிக்கொண்டே இருவரும் இரண்டு டாலர் கட்டுவார்கள். எந்தக் குதிரை என்பதைத் தமிழில்தான் பேசுவார்கள்; வீட்டில் மற்றவர்கள் பேசுவது இந்தி, யாருக்கும் தமிழ் புரியாது. ஒரு ரேசுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அரை மணி நேரம் கிடைக்கும். புருஷனின் ஆபரேஷனைப் பற்றி ப்ரேமிலா முதன்முதலாக வாய் திறந்தது அப்படியொரு இடைவெளியில்தான்.

பிறகு புதுச் சட்டம் வந்தது. ஃபிஜியில் லைசென்ஸ் எடுக்காத கம்பெனி இங்குள்ளவர்களிடம் பந்தயம் வாங்கக் கூடாது; லைசென்ஸ் உள்ள இடத்தில் ஜெயித்தால் வரி பிடிப்பார்கள். கம்பெனி மோகினியின் கணக்கை மூடிவிட்டது. அக்காவுக்கு மோகினி அதைச் சின்ன மெசேஜாக அனுப்பினாள்.

அந்தச் சனிக்கிழமை போன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மோகினி போனை எடுப்பாள், வைத்துவிடுவாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது?

மூன்றாவது சனிக்கிழமை பஸ் ஏறி டவுனுக்குப் போனாள். லைசென்ஸ் உள்ள பந்தயக் கடையில் எல்லாம் ஆண்கள். கவுண்டரில் இருந்தவன் அடையாள அட்டையும் வரி நம்பரும் கேட்டு, ஒரு படிவத்தை நீட்டினான்.

"வரி போகக் கையில ஒண்ணும் நிக்காதும்மா," என்றான் இந்தியில்.

"பிடிச்சுக்கோ," என்றாள் மோகினி.

படிவத்தோடு வாசலுக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டாள். "அக்கா, மூணாவது ரேசுல எதைக் கட்டலாம்?"

"நான் அன்னைக்கே விட்டுட்டேன்டி. நீ இல்லாம எனக்கு எதுக்கு அது?"

"அப்போ ஏன் கூப்பிடல?"

"ரேசும் இல்ல. என்ன சொல்லிக் கூப்பிடறதுன்னு இருந்தேன்."

மோகினி படிவத்தை இரண்டாக மடித்தாள். அதற்குள் ப்ரேமிலா கேட்டாள்: "பின்னால என்ன சத்தம்? மார்க்கெட்டா?"

"ஆமா, பஸ் ஸ்டாண்டு பக்கத்துலதான் நிக்கிறேன்."

"உள்ள போயேன். போனைச் செத்த தூக்கிப் பிடி."

படிவத்தைப் பையில் திணித்துக்கொண்டு மோகினி மார்க்கெட்டுக்குள் நடந்தாள். கத்தரிக்காய் கூறு ஒரு டாலர் என்று ஒருத்தி இந்தியில் கூவினாள். யாரோ சேப்பங்கிழங்கு மூட்டையைத் தொப்பென்று இறக்கினார்கள். போனை உயரத் தூக்கியபடியே கடைசி வரிசை வரை போனாள். காதில் வைத்தபோது அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

"வாக்கா, ஒரு தடவை வந்துட்டுப் போ."

"வரணும்டி," என்றாள் ப்ரேமிலா.

இன்னும் வரவில்லை. மோகினி அதற்கப்புறம் பந்தயம் கட்டவில்லை. சில சனிக்கிழமை இவள் கூப்பிடுகிறாள், சில சனிக்கிழமை அவள். இருவருமே மறந்துபோகிற வாரங்களும் உண்டு.