கரைக்குப் பேசிய மானேஜர்

எங்கள் எம்.எல்.ஏ. ராஜமாணிக்கம் போன மாதம் மதுரை ஆஸ்பத்திரியில் மாரடைப்பில் இறந்துபோனார். பாம்பன் ஸ்டேஷனில் கொழும்புக்குப் போகிற கருவாட்டுச் சிப்பங்களை நான் ஏற்றிக்கொண்டிருந்தபோது, பார்சல் கிளார்க் வந்து சொன்னார். அழுகை வரவில்லை. ஒரு சிப்பத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். இனி கரை நம்மிடம் நிற்குமா என்பதுதான் முதலில் தோன்றியது. அவரோடு பழகியவர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவராக இருந்தாலும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

கரை என்று நான் சொல்வது பாம்பனில் மாதா கோயிலிலிருந்து ஓடை வரைக்கும் கிடக்கிற மணல். கடல் தொழில் செய்யும் வீட்டுப் பெண்கள் அங்கே மீன் காயவைக்கிறார்கள். அந்தக் கருவாட்டை வாங்கி விற்றுத்தான் நான் ஆளானேன். கூடை சுமந்தவன் கிடங்கு கட்டியது அந்த மணலை நம்பித்தான். ஆனால் அந்த மணலுக்கும் ஓடைக்குத் தெற்கே கிடந்த இடத்துக்கும் பட்டா ஒரு வெளியூர்க் கம்பெனியின் பேரில் இருந்தது. அங்கே ஐஸ் பாக்டரி கட்டவேண்டும் என்று அவர்களுக்கு நெடுநாள் எண்ணம்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் எங்களைக் கிளப்பிவிட வந்தவரே இந்த ராஜமாணிக்கம்தான். அப்போது அவர் அந்தக் கம்பெனியின் மானேஜர். அபிராமத்தில் விவசாயம் பார்த்த சம்சாரி வீட்டுப் பிள்ளை. குமாஸ்தாவாகச் சேர்ந்து மேலே வந்தவர். பேண்டும் பூட்ஸுமாக மணலில் இறங்கி, "சீக்கிரம் காலி பண்ணிருங்க. ஐஸ் வந்தா உங்களுக்கும் நல்லதுதான்" என்றார். அங்கே கருவாடு போடுகிற செபஸ்தியம்மாள், சாளை மீனைத் திருப்பிப் போட்டபடியே கேட்டாள்: "ஐஸ் பெட்டியில மீனு படுத்துக்கிரும் சார். நாங்க எங்கன படுக்க?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பூட்ஸைக் கழற்றி மணலைக் கொட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து, எந்த மீன் எத்தனை வெயில் காயும், மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று விசாரித்தார். அன்றைக்கு எங்களைப் போகச் சொல்லாமலே போனார்.

அதன்பிறகு சில வருஷம் ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டார். கடைசியில் போலீசோடு போ என்று கம்பெனி உத்தரவு போட்டது. அவர் வேலையை விட்டுவிட்டார். இரங்கல் கூட்டத்தில் இதைத் தியாகம் என்றார்கள். என்னிடம் அவர் சொன்னது வேறு. "போலீசோட போனா இடம் கிடைக்கும் கருப்பையா. மறுநாள் அதே கரையில மீன் வாங்கணுமே, யாரு குடுப்பா? வியாபாரம் தெரியாதவன் போட்ட உத்தரவு."

எலெக்‌ஷனுக்கு நிற்கிறேன் என்று அவர் வந்தபோது, மனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போட்டது நான். எதிரே நின்றவர் பெரிய பண்ணைக்காரர். என் கிடங்கு ஓலை வேய்ந்தது. ஒரு தீக்குச்சி போதும். ஓட்டு எண்ணி முடிகிறவரை கிடங்கு வாசலிலேயே கட்டிலைப் போட்டுப் படுத்தேன். சுயேச்சையாக நின்ற அவருக்குச் சைக்கிள் சின்னம் கிடைத்தது. "ஏலே, இந்த மணல்ல சைக்கிளு எப்படிலே ஓடும்?" என்று கரையில் கேலி பேசினார்கள். "ஓடாது. எல்லாருமாத் தள்ளித்தான் விடணும்" என்றார்.

கடலாடிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். கண்மாய்க் கரையில் எதிராளியின் ஆட்கள் அரிவாளோடு வழியை மறித்து நின்றார்கள். "திரும்பிருவோம் அய்யா" என்று நான் கெஞ்சினேன். அவர் ஜீப்பை விட்டு இறங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"தம்பி, ரேடியேட்டர் கொதிக்குது. கொஞ்சம் தண்ணி வேணும்."

முன்னால் நின்றவன் முறைத்தான். "தண்ணி உண்டு. ஓட்டுக் கிடையாது."

"தண்ணியக் குடுங்க. ஓட்டை நீங்களே வச்சுக்கங்க."

பின்னால் ஒரு பையன் கொல்லென்று சிரித்தான். அவனையே குடத்தோடு அனுப்பினார்கள். தண்ணீர் ஊற்றி முடிகிறவரை அந்த முன்னால் நின்றவனோடு மழையைப் பற்றியும் மிளகாய் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். ஓட்டுக் கேட்கவே இல்லை. திரும்பும் வழியில், "உங்களுக்குப் பயமே இல்லையா?" என்று கேட்டேன். "சட்டையைத் தொட்டுப் பாரு, பிழிஞ்சா ஒரு செம்பு வரும். ஊர்ல வெயில்னு சொல்லிரு" என்றார். இரங்கல் கூட்டத்தில் அவரைச் சிங்கம் என்று பேசினார்கள். சிங்கத்தை எனக்குத் தெரியாது. பயந்த மனுஷனைத் தெரியும்.

ஜெயித்ததும் கம்பெனியின் பெரிய முதலாளியைப் போய்ப் பார்த்து, கரையில் கைவைப்பதில்லை என்று வாக்கு வாங்கி வந்தார். வாய் வார்த்தைதான். எழுதி வாங்குங்கள் என்று நான் பலமுறை சொன்னேன். "எழுதினா வக்கீலுக்குத்தான் லாபம். அவர் சொன்னாச் சொன்னதுதான்" என்று சிரித்துவிட்டார். செத்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். இந்த ஒரு குறையை நான் சொல்லத்தான் வேண்டும். இரண்டு பேர் மூச்சை நம்பி இத்தனை குடும்பங்களை நிறுத்திவைத்திருந்தார்.

காரியம் முடிந்த மறுநாளே கரையைக் காலி பண்ணச் சொல்லிக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. நானும் செபஸ்தியம்மாளும் மண்டபத்திலிருந்த கம்பெனி ஆபீசுக்குப் போனோம். பாலத்தில் ரயில் ஊர்ந்தது. அவள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள். புது மானேஜர் சின்ன வயசுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். "வாக்கு வாங்கினவர் போயிட்டார். குடுத்த பெரியவரும் படுத்த படுக்கை. நான் யாரைக் கேட்டு நடக்கறது?" பிறகு என் பக்கம் சாய்ந்து, "உங்க கிடங்குக்கு ரோட்டு ஓரமா நல்ல இடம் தர்றோம். மத்தவங்க பேச்சு உங்களுக்கு எதுக்கு?" என்றார்.

என் மனசு அந்த ரோட்டு ஓரத்துக்கு ஒரு நடை போய்விட்டுத்தான் வந்தது. காயப்போட மணல் இல்லாவிட்டால் ரோட்டு ஓரத்துக் கிடங்கில் எதை அடுக்குவது?

"என்ன அண்ணே, வாயில பனங்கிழங்கா வச்சிருக்கிய?" என்றாள் அவள்.

"பாக்டரி கட்டுங்க சார், ஓடைக்குத் தெக்கே கட்டுங்க" என்றேன். "வடக்கே மணலை விட்டிருங்க."

"முடியாதுன்னா?"

"ஐஸ் நீங்க போடுவிய. மீனு யாரு போடுவா?" என்றாள் செபஸ்தியம்மாள். "எங்க ஆம்பளைக வள்ளத்தை இங்கன மண்டபத்துல ஏத்திக்கிருவாக, உங்க பாக்டரிப் பக்கம் ஒரு மீனு வராது."

அவர் வெகுநேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். இடையில் வெளியே போய் யாரிடமோ டெலிபோனில் பேசிவிட்டு வந்தார். கடைசியில், சரி, எழுதிக்கொள்வோம் என்றார்.

ராஜமாணிக்கம் அய்யாவிடமிருந்து என்னிடம் தங்கியது தைரியம் இல்லை. அவரிடமே அது அதிகம் இருந்ததில்லை. பயம் போகட்டும் என்று காத்திராமல், பயத்தோடேயே போய் எதிரே உட்கார்ந்து பேசலாம் என்பதை அவரிடம் பார்த்தேன். அதை வைத்திருக்கிறேன். இதை எழுதும்போதும் பத்திரம் பதிவாகி வரவில்லை, எனக்குத் தூக்கம் சரியில்லை.

பேசி முடித்தது இது. ஓடைக்குத் தெற்கே கம்பெனி. வடக்கே மாதா கோயில் வரை காயப்போடும் மணல். மணலுக்கு வருஷ வாடகை நூறு ரூபாய், அதை வியாபாரிகள் கட்டவேண்டும், பெண்களிடம் பிடிக்கக்கூடாது. காயப்போட்டது போக மிஞ்சிய மீனைக் கம்பெனி அன்றன்றைய கரை விலைக்கு எடுத்துக்கொள்ளும். தவணை இருபது வருஷம். இரு தரப்பிலும் யார் இறந்தாலும் இது செல்லும்.