சிவமலர் குடிக்காத தேத்தண்ணி

லண்டன் நோர்பரித் தமிழரிடம் கார் இரவல் கேட்டுப் பாருங்கள், நூறு சாட்டுச் சொல்லுவார்கள். வோட்டுக் கேட்டால் மட்டும் ஒருவருக்கும் இல்லை என்று சொல்ல வாய் வராது. இந்த அதிசயத்தைச் சிவமலர் தொண்ணூற்று நான்காம் ஆண்டு கவுன்சில் தேர்தலில்தான் கண்டுபிடித்தாள். கண்டுபிடிப்பதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அவள் அரசியலுக்கு ஆசைப்பட்டு இறங்கியவள் அல்ல. எண்பத்து நாலில் வந்து, குரோய்டன் குடிவரவுக் கந்தோர் வரிசையில் கால் கடுக்க நின்று, சாண்ட்விச் ஃபாக்டரியில் பகல் ஷிப்ட் பிடித்துக் குடும்பத்தை நிமிர்த்தியவள். பிறகு புருஷன் பாலேந்திராவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. காலையில் கவுன்சில் வான் வந்து அவரை டே சென்ரருக்கு ஏற்றிப் போகும். அங்கே கை கால் பயிற்சி, மத்தியானச் சாப்பாடு, சீட்டு விளையாட ஒரு சைப்பிரஸ்காரர். அந்த இடம் இருப்பதால்தான் அவள் வேலைக்குப் போகிறாள். அதை ஆளும் கட்சி மூடப்போகிறதாம். எதிர்த்து நிற்கிற மிஸிஸ் பெல்லாமி மூடவிடமாட்டேன் என்றார். சிவமலர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

வார்டில் பெல்லாமியின் தேர்தல் வேலைகளைப் பார்த்தவர் றெஜினோல்ட் அண்ணை. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், இங்கத்தைய தேர்தல் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்.

"தங்கச்சி, தமிழ் வீடுகள் உம்மட பொறுப்பு. ஒண்டு சொல்லிப்போட்டன், வோட்டுக்காக ஒருத்தருக்கும் ஒரு தேத்தண்ணி கூட வாங்கிக் குடுக்கக்கூடாது. சட்டம்."

"அவை எங்களுக்குத் தந்தா?"

"அதுக்குச் சட்டமில்லை."

ஏறின வீடெல்லாம் தேத்தண்ணி, வடை, ரோல்ஸ். வோட்டைப் பற்றி வாய் திறந்தால், "ஓம் ஓம், பெல்லாமிக்குத்தான். இதெல்லாம் கேக்கவேணுமே?" சிவமலர் பூரித்துப்போனாள். "அண்ணை, எங்கட சனம் முழுக்க எங்கட பக்கம். மனிசி வெண்ட மாதிரித்தான்" என்றாள். அவரும் அதை நம்பி மற்ற ஆட்களை வேறு தெருக்களுக்கு அனுப்பிவிட்டார்.

தேர்தலுக்கு முதல் கிழமை, ஓம் சொன்ன கலாவதியின் வீட்டு யன்னலைப் பார்த்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. பெல்லாமியின் போஸ்டர் இருந்தது. பக்கத்திலேயே ஆளும் கட்சிக்காரரின் போஸ்டர். கீழே, இடம் வீணாகக்கூடாது என்பதுபோல, மூன்றாவது கட்சியினுடையது.

"என்னடி இது கோதாரி?"

"அவரும் வந்தவர் அக்கா. பாவம், மழையில நனைஞ்சு வந்தவர். வீடு தேடி வந்த மனிசனுக்கு முகத்துக்கு நேர இல்லையெண்டு சொல்லேலுமே?"

"அப்ப ஆருக்குப் போடப்போறாய்?"

"போடுறதோ?" கலாவதி திகைத்தாள். "வியாழக்கிழமைதானே தேர்தல்? அண்டைக்கு எனக்குப் பின்னேர ஷிப்ட் எல்லே!"

சிவமலர் திரும்ப எல்லா வீடும் ஏறினாள். எல்லா வீட்டிலும் இதே கதை. அடுத்த தெருக் குகதாசனுக்கு வேறு பயம்: வோட்டுப் போட்டால் குரோய்டனில் கிடக்கிற தன் ஃபைலுக்கு ஏதும் ஆகிவிடுமோ? கொமன்வெல்த் நாட்டுக்காரருக்கு இங்கே வோட்டு உண்டு, அதில் ஒரு குற்றமும் இல்லை என்று தொண்டை வறள விளங்கப்படுத்தினாள். அவன் பொறுமையாகக் கேட்டான். "ஓம் அக்கா" என்றான். அந்த ஓமைக் கேட்டதும் அவளுக்குப் பற்றி எரிந்தது.

"இந்தச் சனத்தை வைச்சுக்கொண்டு ஒரு மண்ணும் செய்யேலாது!" என்று வீட்டுக்கு வந்து கத்தினாள்.

பாலேந்திரா கோணிய வாயால் மெல்லச் சொன்னார். "நீயும்... அந்தாளுக்கு... ஓம் எண்டனியெல்லோ."

உண்மைதான். டே சென்ரரை மூடப்போகிற அந்த ஆளும் கட்சிக்காரர் வாசலுக்கு வந்தபோது, இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, ஓம் ஓம், பார்ப்போம் என்று சிரித்து அனுப்பியவள் அவள்தான். வெட்கமும் ஆத்திரமுமாக அவளுக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு முதலில் கலாவதி வீட்டுக்குத்தான் போனாள்.

"வாங்கோ அக்கா, தேத்தண்ணி போடுறன்."

"வேண்டாம்."

கலாவதியின் முகம் கறுத்துப்போனது. வீட்டுக்கு வந்தவர் தேத்தண்ணி வேண்டாம் என்றால் நம்மவர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: கோபம்.

"நான் என்னக்கா பிழை விட்டனான்?"

"வோட்டுப் போட்டிட்டு வா, குடிக்கிறன். இல்லாட்டி இந்த வீட்டில இனிப் பச்சைத் தண்ணியும் வாயில வைக்கமாட்டன்."

கலாவதி கோட்டைக்கூட மாட்டாமல் ஓடினாள். அதற்குள் இரண்டு தெருவுக்கும் டெலிபோனில் செய்தி போய்விட்டது: சிவமலரக்கா தேத்தண்ணி குடிக்கமாட்டாவாம்! மத்தியானத்துக்குள் சனம் சாரி சாரியாக வோட்டுப் போடுகிற பள்ளிக்கூட வாசலில் நின்றது. குகதாசன் தானே கூப்பிட்டான். "போட்டிட்டன் அக்கா, கோவிக்காமல் வீட்டை வாங்கோ." றெஜினோல்ட் அண்ணை தலையைச் சொறிந்தார். "குடிக்காமல் விடுறதுக்கும் சட்டமொண்டும் இல்லைத்தான்" என்றார்.

யார் யாருக்குப் போட்டார்களோ, முருகனுக்குத்தான் வெளிச்சம். பெல்லாமி மயிரிழையில் வென்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூங்கொத்தோடு நன்றி சொல்ல வந்தார். சிவமலர் வடையும் தேத்தண்ணியும் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். பாலேந்திரா கதிரையில் இருந்தபடி அந்த அம்மாளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சென்ரரை மூடமாட்டீர்கள்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் சிவமலர்.

"யெஸ், யெஸ், ஒஃப் கோர்ஸ்!" பெல்லாமி தலையாட்டிச் சிரித்தார். "அடுத்த மாதம் கூட்டம் இருக்கிறது. பார்ப்போம்." கை கோப்பைக்கு நீண்டது.

இந்தச் சிரிப்பை, இந்தத் தலையாட்டலை, சிவமலர் வாசல் வாசலாகப் பார்த்திருக்கிறாள். தன் முகத்திலும் வைத்திருந்தவள். வீட்டுக்கு வந்தவருக்கு வைத்த தேத்தண்ணியைத் திருப்பி எடுப்பது எவ்வளவு பெரிய மரியாதைக்கேடு என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் தட்டைத் தூக்கினாள்.

"கூட்டம் முடிஞ்சு வாங்கோ மிஸிஸ் பெல்லாமி. அப்ப சுடச்சுடத் தாறன்."

அவசரத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டாள். வெறுங்கையோடு இருந்த பெல்லாமிக்கு, அது நன்றாகவே விளங்கியது.