நான்காம் மாடியில் இரண்டு மூச்சு

நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. அன்று என் மீட்டரில் பதிவானதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

கட்டடங்களில் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிப்பது என் தொழில். ஆறு மாடி அலுவலகம் ஒன்றில் ஒரு கணக்கு மட்டும் உதைத்தது. ஞாயிறு விடுமுறை, ஈ காக்கை இருக்காது. ஆனால் சரியாக மதியம் 2.10க்கு நான்காம் மாடி ஏசி தானாக எழுந்துகொள்ளும். 3.40க்கு நிற்கும். அதற்குள் அறுபது யூனிட் காலி.

ஏசியை எழுப்புவது கூட்ட அறையில் இருக்கும் சென்சார். நாம் விடும் மூச்சில் கரியமில வாயு இருக்கிறதல்லவா? அறையில் அது கூடினால், ஆள் வந்தாயிற்று என்று சென்சார் சொல்லும், ஏசி ஓடும். அழகான ஏற்பாடு! சென்சார்தான் கெட்டுவிட்டது என்று புதிதாக மாற்றினேன்.

அடுத்த ஞாயிறும் அதே 2.10.

"ஆளே இல்லாத மாடி. சுவருக்கு வேர்க்குதாய்யா?" என்றார் மேனேஜர். "திங்கட்கிழமைக்குள்ள முடிங்க. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அந்த ஒப்பந்தம் போனால் என் சின்ன கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். ஞாயிறன்று நானே போனேன். பேனலில் ஏசியை அணைத்தேன். கூட்ட அறைக்குள் போய், கதவைச் சாத்தி, கரியமில வாயுவை அளக்கும் என் மீட்டரை மேசையில் வைத்தேன்.

2.10. மீட்டரில் 430.

அவ்வளவு பெரிய அறையில் ஓர் ஆள் உட்கார்ந்து மூச்சு விட்டால் பத்து நிமிடத்துக்கு ஐம்பது ஏறும். கணக்கு அது. 480 வரும் என்று காத்திருந்தேன்.

2.20. மீட்டரில் 530.

ஏறியது நூறு. இரண்டு பேருக்கான கணக்கு.

சுற்றிப் பார்த்தேன். பன்னிரண்டு நாற்காலிகள். வெயில். யாரும் இல்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

531... 532... 533...

நான் விடாத மூச்சு.

அப்போதுதான் கேட்டது. தரைக்குப் பக்கத்தில். ஹ்க்... ஹ்க்... இழுத்து இழுத்து.

கதவை இழுத்தேன். வரவில்லை.

ஹ்க்... என் காலடியில்.

கை சுவரைத் துழாவியது. ஏதோ சுவிட்ச்.

டக்.

மேலே சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் சுழன்றது. காலடியில் ஒரு நீளமான பெருமூச்சு...

பிறகு ஒன்றுமில்லை. கதவு தொட்டவுடன் திறந்தது.

கீழே ஓடினேன். செக்யூரிட்டி அண்ணன் என் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார்.

"கூட்ட ரூமா சார்?"

"அங்க என்னண்ணே நடந்துச்சு?"

"கார்பெட் ஒட்ட ஒருத்தர் வந்தாரு. பசை நெடி தாங்காதுன்னு ஃபேன் போட்டுட்டுதான் வேலை பார்த்தாரு. கரன்ட் மிச்சம் பண்ண அப்பதான் டைமர் வெச்சிருந்தாங்க. ஞாயித்துக்கிழமைதானேன்னு அது பாட்டுக்கு ஃபேனை நிறுத்திடுச்சு. ரெண்டு பத்துக்கு."

"அப்புறம்?"

"கதவும் சிக்கிக்கிச்சு. நான்தான் உடைச்சுத் திறந்தேன்." தொப்பியைக் கழற்றினார். "மூணு நாப்பதுக்கு."

மேனேஜரிடம் காரணம் எதுவும் சொல்லவில்லை. தீர்வை மட்டும் எழுதிக் கொடுத்தேன். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் 2.10 முதல் 3.40 வரை அந்தச் சின்ன ஃபேன் மட்டும் ஓடுகிறது. பத்தில் ஒரு யூனிட்கூட ஆகாது. மீட்டர் 430ஐத் தாண்டுவதில்லை. ஏசி எழுவதில்லை.