பனி காரணமாகத் தாமதம்

கணவன் வீட்டைவிட்டுப் போவதாகச் சொன்னபோது அவள் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த வெளியூர் வேலைக்கு ஒத்துக்கிட்டேன். அடுத்த வாரம் கிளம்பறேன்," என்றான்.

"வீடு பாத்தாச்சா? எங்க தங்கப்போறோம்?"

"நான் மட்டும்தான் போறேன்."

அவள் வடிகட்டியைத் தட்டிச் சக்கையைக் குப்பைக்கூடையில் போட்டாள். இரண்டு கோப்பையிலும் சமமாக ஊற்றினாள். இந்த இடத்தில் ஏன் என்று கேட்கவேண்டும் என்பது தெரிந்தது. கேட்டாள்.

"உன்கூட இருக்கறப்ப எனக்கு வரையவே வரமாட்டேங்குது," என்றான் அவன், கோப்பையைப் பார்த்துக்கொண்டே.

அவள் தன் கோப்பையில் சர்க்கரை போட்டுக் கலக்கினாள். "எந்த ரயில்?" என்று கேட்டாள்.

இருவரும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். டயர் கடைக்கு மேலே மாடியில் மூன்று அறைகள். கணினிக்கும் கைபேசிக்கும் விளம்பரப் பலகைக்கும் எழுத்துரு செய்து கொடுப்பது அங்கே தொழில். அவன் எழுத்து வரைகிறவன். அவள், அவன் வரைந்ததைத் திரைக்குப் பழக்குகிறவள். அந்த வேலைக்கு ஹின்டிங் என்று பெயர். யாராவது கேட்டால் அவள் இப்படித்தான் சொல்வாள்: "எழுத்து வழவழன்னு வளைஞ்சு ஓடும். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம். பாதிக் கட்டத்துல கோடு போனா எரியறதா அணையறதான்னு மெஷினுக்குத் தெரியாது, அதுபாட்டுக்கு ஏதோ பண்ணும். ஒரு கால் தடியா, ஒரு கால் ஒல்லியா, எழுத்து நொண்டும். நொண்டாம இருக்க நான் பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுக்கணும்." இந்தப் புள்ளியைக் கோட்டின்மேல் ஏற்று, அந்தக் காலும் இந்தக் காலும் ஒரே தடிமன், இந்த அளவு வரும்போது மட்டும் தலையை ஒரு கட்டம் தூக்கு என்று ஒவ்வோர் எழுத்துக்கும் கட்டளை எழுதவேண்டும். திரையின் அந்தக் கட்டத்துக்குப் பிக்சல் என்று பெயர்; அலுவலகத்தில் அவளுக்கும் அதுதான் பெயர். பேச்சை ஆரம்பித்தால் அதில்தான் போய் நிற்பாள்.

அவள் கணிதம் படித்தவள். மெய்ப்புப் பார்க்கத்தான் வேலைக்கு வந்தாள். ஹின்டிங் செய்துகொண்டிருந்தவர் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிட, மேனேஜர் ஒரு தடித்த கையேட்டை அவள் மேசையில் வைத்தார். "படிச்சுப் பாரும்மா. புரிஞ்சா வேலை உனக்கு. புரியலைன்னா தலைக்கு வெச்சுத் தூங்கிக்கோ." அவளுக்குப் புரிந்தது. அதோடு பிடித்தும் போயிற்று. சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. மனிதர்களிடம் இந்த வசதி கிடையாது.

எழுத்து வரைகிறவனோடு அவளுக்கு முதல் நாளிலிருந்தே சண்டை. "என் வளைவை ஏன் சப்பையாக்கினே?" என்று வந்து நிற்பான். "உங்க வளைவுக்கு இங்க கட்டம் பத்தல," என்பாள். சண்டை தேநீர்க் கடை வரை போயிற்று. அங்கிருந்து பதிவாளர் அலுவலகம் வரை போயிற்று. அலுவலகத்தில் 'நீங்க', வீட்டில் 'நீ' என்று ஓர் ஒப்பந்தம் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் தட்டில் மற்றவர் கை வைக்கிற அளவுக்கு நெருக்கமாகத்தான் இருந்தார்கள். அது எப்போது தேய ஆரம்பித்தது என்று கேட்டால் அவளால் சொல்லமுடியாது. கவனித்திருக்கவில்லை.

அவன் கிளம்புகிற நாளில் சட்டைகளை மடித்துக் கொடுத்தாள். சவரக் கத்தி குளியலறையிலேயே கிடக்கிறது என்று ஞாபகப்படுத்தினாள். கதவைச் சாத்திவிட்டு, குக்கரைக் கழுவி வைத்துவிட்டு, அலுவலகம் போனாள்.

அலுவலகத்தில் அவளைப் பார்த்ததும் எல்லோர் குரலும் இறங்கிப்போயிற்று. மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார்.

"ரயில்வே எழுத்துரு இன்னும் பாதியில நிக்குது. அத்தனையும் அவன் வரைஞ்சது. நாள் முழுக்க அதையே பாத்துக்கிட்டு உக்கார உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லு, வெளியில கொடுத்துடலாம்."

"இதுல என்ன சார் கஷ்டம்?" என்றாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ரயில் நிலைய அறிவிப்புப் பலகைக்கான எழுத்துரு அது. மஞ்சள் விளக்குக் கட்டங்கள் கொண்ட பலகை. ஒரு கட்டம் எரியும், இல்லையென்றால் அணையும், நடுவாந்தரம் கிடையாது. பலகை குறுகல் என்பதால் எழுத்துகளையும் ஒடுக்கி வரைந்திருந்தான். அவள் அவற்றைத் திரை நிறையப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்த வளைவை நிதானமாக இழுத்திருக்கிறான், எதைச் சாப்பாட்டு நேரத்து அவசரத்தில் முடித்திருக்கிறான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். பல் டாக்டர் மரத்துப்போகும் ஊசி போட்டபிறகு உதட்டைக் கடித்துப் பார்ப்போமே, அந்த மாதிரி அவ்வப்போது தன்னைக் கடித்துப் பார்த்தாள். உதடு இருப்பது தெரிந்தது. வலி தெரியவில்லை.

இந்த நிலையில்தான் அக்கா வந்து இறங்கினாள். கையில் இரண்டு பை. கோபத்தையும் சேர்த்தால் மூன்று.

"யாருடீ அவ?"

"யாரும் இல்லக்கா."

"யாரும் இல்லாம எவனாவது போவானா? சொல்லு, நான் போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

"வரைய வரலைன்னான். போனான்."

"வரைய வரலைன்னா பென்சிலைச் சீவிக்கச் சொல்லு! பொண்டாட்டியவா விட்டுட்டுப் போவாங்க?"

அக்கா வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்தாள். அவனுடைய செருப்பு ஒரு ஜோடி கட்டிலுக்கடியில் கிடந்ததைக் கண்டுபிடித்து, விரோதியைப் பிடித்ததுபோல் வாசலில் வீசினாள். தங்கை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பதுதான் அவளுக்குப் பெரிய கவலை. "அழுதுடுடீ, உள்ளுக்குள்ளயே வெச்சுக்காத," என்று காலை மாலை மருந்து கொடுப்பதுபோல் சொன்னாள். கடைசியில் தானே குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தங்கை கதவைத் தட்டித் துண்டு கொடுத்தாள். "தண்ணி வீணாப்போகுதுக்கா," என்றாள்.

எழுத்துரு முடிந்தது. ஒரே ஒரு நிலையத்தில் சோதனைக்குப் பலகை மாட்டினார்கள். கொஞ்ச நாளில் ரயில்வே பொறியாளர் படியேறி வந்தார். நல்ல கோடை, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பலகையில் மஞ்சளாக, பளிச்சென்று எரிந்தது: பனி காரனமாகத் தாமதம்.

"நாங்க அடிச்சது 'பணி'. தண்டவாள வேலை நடக்குது. வெயில் மண்டையைப் பொளக்குது, எங்க பலகை பனி பெய்யுதுங்குது! ஒரு பெரியவர் டிக்கெட் ஜன்னல்ல வந்து, கம்பளி வாடகைக்குக் கிடைக்குமான்னு கேக்கறார். ஊரே சிரிக்குது சார்."

மேனேஜர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இருமினார். அவள் படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். மூன்று சுழி 'ண' இரண்டு இடத்திலும் நெருக்கியடித்துக்கொண்டு, இரண்டு சுழிகள் ஒன்றாகிப்போய், அச்சு அசலாக 'ன' மாதிரி நின்றது.

தன் இடத்துக்குப் போய்க் கோப்பைத் திறந்தாள். 'ன'வுக்கு எழுதிய கட்டளைகளை அப்படியே எடுத்து 'ண'வில் போட்டு, பார்த்தாயிற்று என்று குறித்திருந்தாள். அந்த எழுத்தைத் திரையில் ஓட்டிப் பார்க்கவே இல்லை. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அப்படிச் செய்தவளில்லை. எப்போது செய்தோம் என்பதுகூட நினைவில் இல்லை. வெட்கப்படவேண்டிய விஷயம் என்று தெரிந்தது; வெட்கம் வரவில்லை. அப்போதுதான் முதல்முறையாக அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

"வரைஞ்சதுல தப்பா, உன் வேலையில தப்பா?" என்று மேனேஜர் கேட்டார்.

"ரெண்டுலயும் சார். அவர் இடம் விடல. நான் பாக்கல."

சரிசெய்ய ஒரே வழிதான் இருந்தது. இன்னொரு சுழி நிற்கவேண்டுமானால் ஒரு கோட்டுக்கும் ஓர் இடைவெளிக்கும் இடம் வேண்டும். சின்ன அளவுகளில் மட்டும் 'ண'வை இரண்டு கட்டம் அகலமாக்கவேண்டும். ஆனால் எழுத்தின் அகலத்தை மாற்றுவதென்றால் வரைந்தவன் சம்மதம் வேண்டும். அலுவலகத்தில் அது சட்டம். மேனேஜர் தொலைபேசியை எடுத்தார், வைத்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"நானே பேசறேன் சார்," என்றாள்.

வீட்டுக்கு வந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசினாள். அக்கா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"சொல்லு," என்றது அவன் குரல்.

"'ண'வோட அகலத்தைக் கூட்டணும். சின்ன அளவுல மட்டும். நீங்க ஒத்துக்கிட்டாத்தான் அனுப்ப முடியும்."

"நீங்களா?"

அது அலுவலகத்து 'நீங்க'. வேண்டுமென்று சொன்னதல்ல, வாயில் அதுதான் வந்தது.

"எவ்வளவு கூட்டணும்?" என்று அவனே தொடர்ந்தான்.

"ரெண்டு பிக்சல்."

"வரி ஆடிப்போயிடுமே. பக்கத்து எழுத்தெல்லாம் தள்ளும்."

"தள்ளட்டும். இல்லைன்னா நடுச்சுழியை எடுக்கணும்."

"நடுச்சுழியை எடுத்தா அது 'ண'வே இல்லையே."

"இப்ப அப்படித்தான் இருக்கு. ஊரே சிரிக்குது."

அவள் சண்டைக்குத் தயாரானாள். என்ன சொல்வான், அதற்கு என்ன சொல்வது என்றெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"சரி, கூட்டிக்கோ," என்றான்.

தெரிந்த நாளிலிருந்து அவன் சண்டை போடாமல் விட்டுக்கொடுத்தது அந்த இரண்டு பிக்சலைத்தான். அவளுக்கு நெஞ்சில் என்னவோ ஒன்று மெல்லப் புரண்டு படுத்தது.

"நல்லா இருக்கியா?" என்று கேட்டான்.

"அக்கா வந்திருக்கா."

"ஐயையோ," என்றான். இருவரும் சிரிக்கிற இடம் வரைக்கும் வந்து, சிரிக்காமல் நின்றார்கள். அவள் கைபேசியை வைத்தாள்.

"என்ன சொன்னான்?"

"சரின்னான்."

"எதுக்குச் சரின்னான்?"

"ரெண்டு பிக்சலுக்கு."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "உங்க ரெண்டு பேரையும் எந்த நேரத்துல பெத்தாங்களோ," என்றாள். வெங்காயம் வசதியாகக் கையில் இருந்ததால் கொஞ்சம் அழுதாள்.

'ண'வைச் சரிசெய்ய அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. பிறகு அந்த எழுத்துருவில் தான் 'ஆயிற்று' என்று குறித்த அத்தனையையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். இன்னும் இரண்டு எழுத்துகள் அதேபோல் மாட்டின. யாரிடமும் சொல்லாமல் திருத்தினாள். பெருமையும் இல்லை, ஆறுதலும் இல்லை. ஆனால் பார்த்தாள். ஒவ்வொன்றையும் பார்த்தாள்.

அக்கா ஊருக்குக் கிளம்பிய நாளில் அந்த நிலையத்துக்கே போகவேண்டியிருந்தது. தண்டவாள வேலை இன்னும் முடியவில்லை. அக்கா பலகைக்கு நேர்கீழே நின்று எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள்: "ப-ணி! மூணு சுழியும் இருக்குடீ! நல்லாத் தெரியுதுடீ!" பக்கத்தில் நின்றவர்கள் மரியாதையாக நகர்ந்துகொண்டார்கள். ரயில் வந்ததும் அக்கா தங்கையின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, "சாப்பிடு. மறக்காமச் சாப்பிடு," என்றாள். அவள் சரி என்றாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவும் செய்தாள்.

அடுத்த வருஷம் நீதிமன்றப் படிக்கட்டில் அவனைப் பார்த்தாள். இளைத்திருந்தான். பரஸ்பர சம்மத விவாகரத்து என்பதால் சீக்கிரமே முடிந்தது. வெளியே வந்ததும், "பலகையைப் பாத்தேன். வரி ஆடல," என்றான்.

"ஆடாத மாதிரி பக்கத்து எழுத்துங்கள நகர்த்தினேன்."

"தெரிஞ்சுது." வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்போது அவன் ஏறவேண்டிய பேருந்து வந்துவிட்டது.

ஒருநாள் அணை உடைந்து அவள் அழுது தீர்த்தாள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. திரும்பி வந்தது முதலில் எரிச்சல்தான். மேல்வீட்டுக்காரர் நாற்காலியை இழுக்கிற சத்தம் ஒரு காலை வேளையில் தாங்கமுடியாமல் போய், மாடியேறிச் சென்று சண்டை போட்டாள். அவர் மிரண்டுபோய் நாற்காலிக் கால்களில் துணி சுற்றினார். இறங்கி வரும்போது பாதிப் படியில் நின்றாள். கோபம் வந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அக்காவிடம் போனில் சொன்னபோது, "அப்பாடா," என்றாள் அக்கா. "இன்னும் ரெண்டு வார்த்தை சேத்துக் கேட்டிருக்கலாம்."

பிறகு அந்த வீட்டை விட்டு, அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறினாள். மேற்குப் பார்த்த ஜன்னல். சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. திரைச்சீலைக் கடைக்காரர் அளவு எடுக்க வந்தார். நாடாவை விரித்துவிட்டு, தயங்கி நின்றார்.

"கலர் எல்லாம் சார் வந்து பாத்துட்டுச் சொல்றாரா? நான் வேணா சாயந்திரம் வரட்டுமா?"

"சார்னு யாரும் இல்லீங்க. நான்தான்."

"ஓ, சரிம்மா. என்ன கலர் போடலாம்?"

அவள் யோசித்தாள். யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. எது பிடிக்கும் என்று சட்டென்று தெரியவும் இல்லை.

"நீங்க அளந்துக்கிட்டே இருங்க," என்றாள். "யோசிச்சுச் சொல்றேன்."

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினார். அவள் நாடாவின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.