சட்டைப் பையில் ஒரு ஃபியூஸ்

டாஷ்போர்டைக் கழற்றியதுமே தெரிந்துவிட்டது, எனக்கு முன்னால் அந்தக் காரில் கை வைத்தவன் ஒயரைப் பல்லால் சீவுகிறவன் என்று. நானும் ஒரு காலத்தில் அப்படிச் சீவியவன்தான். பல் பட்ட ஒயரில் செம்பு இழை பாதி அறுந்து போயிருக்கும், மீதி கோணலாக நிற்கும். அதை முறுக்கி டேப் சுற்றியிருந்தான். வருஷக்கணக்கான வெயிலில் டேப்பின் பசை உருகி, எல்லா ஒயரும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

கார் மந்தைவெளியில் ஒரு சந்தில் நின்றது. இருபது வயதுக்கு மேல் ஆன சின்ன கார். வைத்திருந்தவர் சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவருடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் அம்மாவை அடையாறுக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும். வண்டியில் மாதா பாட்டு ஓடினால் அந்த அம்மா அமைதியாக வருவார். ஓடாவிட்டால் வழி முழுக்க அழுவார். பழைய பாட்டு செட் செத்துப்போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"இப்ப நான் ஓட்டுறது கார் இல்ல தம்பி, ஆம்புலன்ஸ். சைரன் பின் சீட்ல உக்காந்துக்கிட்டு வருது" என்றார் டீச்சர். உள்ளே அந்த அம்மாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று தரையில் தட்டப்பட்டது.

எனக்குக் கடை கிடையாது. முதுகில் ஒரு பை, அதில் சாமான். ராயப்பேட்டையில் உதிரிபாகம் விற்கிற ஒருவர் என் நம்பரைக் கேட்கிறவர்களுக்குக் கொடுப்பார். எட்டாவதோடு படிப்பு நின்றது. திருப்பூரில் சாயப்பட்டறை, பிறகு நாக்பூர் லாரியில் கிளீனர், பிறகு புனேயில் கார் ஏசி வேலை. எந்த ஊரிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் என்னால் நிற்க முடிந்ததில்லை. சென்னையில் அப்போது பதினோரு மாதம். நந்தனத்தில் ஓர் அறையில் ஐந்து பேர், முறை வைத்துப் படுத்தோம்.

அன்று வேலையை ஒழுங்காகச் செய்வதென்று முடிவு செய்தேன். பழைய ஒயர் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். பழைய காரில் ஒயரின் நிறத்தை நம்பக் கூடாது. கறுப்பு என்று நினைத்துத் தொட்டால் கரண்ட் இருக்கும். ஒவ்வொன்றையும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். அந்தக் காரில் ஸ்பீக்கருக்கு ஒரு ஒயர்தான் வந்தது. இன்னொரு முனையை காரின் பாடித் தகட்டிலேயே திருகி விட்டிருந்தார்கள். புது செட்டுக்கு அது ஆகாது, உள்ளே எரிந்துவிடும். நாலு ஸ்பீக்கருக்கும் இரட்டை ஒயர் இழுத்தேன். எந்த இணைப்பையும் முறுக்கி விடவில்லை. எல்லாம் ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கும் உறை போட்டேன்.

மிச்சம் மஞ்சள் ஒயர். செட்டில் சிவப்பு ஒயருக்குச் சாவி போட்டால்தான் கரண்ட் வரும். மஞ்சள் அப்படி இல்லை. வண்டி நின்றாலும், சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாலும் அதில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். அதை பேட்டரியிலிருந்து நேராகக் கொண்டுவந்தேன். எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கிற தகட்டில் ஏற்கெனவே ஓர் ஓட்டை இருந்தது. ஓட்டையின் ரப்பர் வளையம் வெடித்துப் போயிருந்தது. அதற்குப் பதில் ஒயரின் மேல் டேப்பை நாலு சுற்று சுற்றி உள்ளே விட்டேன். அந்த ஓட்டைக்கு நாலு விரல் தள்ளி பெட்ரோல் குழாய் போகிறது. பார்த்தேன். பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி ஃபியூஸ் இருக்கிறது, பயமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

செட்டை உள்ளே தள்ளும்போது மஞ்சள் முனை சட்டத்தில் உரசியது. டப். ஃபியூஸ் போனது. அதற்காகத்தானே அது இருக்கிறது, தவறில்லை. ஆனால் என்னிடம் வேறு இல்லை. மணி மூன்றரை. நாலரைக்கு அடையாறில் இருக்க வேண்டும். டீச்சர் வாசலுக்கு இரண்டு தடவை வந்து போய்விட்டார்.

செட்டுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று பார்க்க, ஃபியூஸ் உட்காரும் இடத்தில் ஒரு தடித்த செம்புக் கம்பியை வளைத்துச் செருகினேன். செட்டில் விளக்கு எரிந்தது. நிம்மதி. ஓடிப்போய் தெருமுனை பைக் மெக்கானிக்கிடம் ஒரு ஃபியூஸ் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். அதற்குள் டீச்சர் அம்மாவை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"ஒரு கை குடுங்க தம்பி."

கொடுத்தேன். முதலில் முதுகைத் திருப்பி சீட் ஓரத்தில் உட்கார வைக்க வேண்டும். அப்புறம் விழுந்த காலைத் தூக்கி உள்ளே விட வேண்டும். அப்புறம் இடுப்பைப் பிடித்து நகர்த்த வேண்டும். சாயாமல் இருக்க ஒரு துண்டால் சீட்டோடு கட்ட வேண்டும். பத்து நிமிஷம் ஆனது. அந்த அம்மா நல்ல கையால் என் காலரைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"உங்க போனை செட்டோட சேத்துட்டேன், மைக் இன்னும் மாட்டல டீச்சர். போன் வந்தா உங்களுக்குக் கேக்கும், நீங்க பேசுறது அவங்களுக்குக் கேக்காது."

"நாளைக்கு மாட்டுங்க. இப்ப பாட்டு பாடுதா? அது போதும்."

நான் பானெட்டைச் சாத்தினேன். பாட்டு பாடியது. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கார் சந்து திரும்பியது.

டீக்கடையில் தீப்பெட்டிக்காகச் சட்டைப் பையில் கை விட்டேன். விரலில் தட்டியது வேறு ஏதோ. எடுத்துப் பார்த்தேன். நீல நிறம், இரண்டு கால். புது ஃபியூஸ்.

நாக்பூர் லாரியில் நான் கிளீனராக இருந்தபோது கேபினில் தூங்கிக்கொண்டிருந்தேன். டேப் ரிக்கார்டர் ஒயர் பாடியைத் தொட்டது. அதில் ஃபியூஸ் இல்லை, இப்படித்தான் ஒரு கம்பி. ஒயர் அடுப்புக் கம்பிபோலச் சிவந்தது. நான் எழுந்தபோது காலுக்குக் கீழே தீ. கண்ணாடி வழியாகக் குதித்தேன். முழங்கையில் இன்னும் தோல் வழவழவென்று இருக்கிறது. குதிக்க எனக்கு இரண்டு காலும் இருந்தன.

போன் போட்டேன். அடித்து அடித்து நின்றது. ஓர் ஆட்டோவை மறித்து, "அடையாறு, கிரீன்வேஸ் ரோடு வழியா" என்று ஏறிக்கொண்டு மறுபடி போட்டேன். எடுத்தார்கள். ஒரு சத்தமும் இல்லை.

"டீச்சர்? டீச்சர், கேக்குதா?"

பதில் இல்லை. அப்புறம்தான் உறைத்தது. மைக் என் பையில் இருக்கிறது. போன் காரின் செட்டோடு இணைந்திருக்கிறது. நான் பேசுவது நான் மாட்டிய நாலு ஸ்பீக்கரிலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஒழுங்காக மாட்டியிருந்தால். அங்கே என்ன நடந்தாலும் எனக்குக் கேட்காது.

"டீச்சர், நான்தான், செட் மாட்டினவன். வண்டிய ஓரங்கட்டுங்க. உடனே. பேட்டரியில ஃபியூஸ் போடாம விட்டுட்டேன். நெருப்புப் பிடிக்கும்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இன்னா நைனா, யார்கிட்ட பேசிக்கினு கீற? அந்தாண்ட ஒரு சவுண்டும் காணோம்."

"கார்ல தீப்பிடிக்கும் அண்ணே."

"யார் கார்ல?"

"நான் வேலை பாத்த கார்ல."

"அப்ப எதிர்ப்பக்கம்ல ஓடணும் நீ! அங்கயே போறன்றியே." சொல்லிக்கொண்டே ஒரு பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் வண்டியை நுழைத்தார்.

நான் போனில் கத்தினேன். "சாவிய அணைச்சா பத்தாது டீச்சர், அணைச்சா நான் பேசுறதும் கேக்காது. பானெட்டைத் திறங்க. கை வளையலைக் கழட்டிருங்க, முதல்ல வளையல், பேட்டரியில பட்டா பொறி பறக்கும். பேட்டரியில புதுசா ஒரு மஞ்சள் ஒயர் வருது. அதைப் பிடிச்சு இழுத்துருங்க. பிஞ்சாலும் பரவால்ல. ஒயர் வந்துட்டா செட் அணைஞ்சிரும், அப்ப நீங்க பேசுறது எனக்குக் கேக்கும். கேக்குற வரைக்கும் நான் பேசிக்கிட்டே இருப்பேன்."

திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். மஞ்சள் ஒயர், மஞ்சள் ஒயர். திரையில் நொடி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம். ஒன்றரை. செட் இன்னும் அணையவில்லை என்றால் ஒயர் இன்னும் வரவில்லை. அவர் நிறுத்தினாரா, போய்க்கொண்டே இருக்கிறாரா, பானெட்டைத் திறக்கத் தெரியுமா, எதுவும் தெரியாது. இரண்டு நிமிஷம் தாண்டியது.

திடீரென்று காதுக்குள் பஸ் ஹாரன். அதன் பின்னால் யாரோ வாய்விட்டு அழுகிற சத்தம்.

"வந்துருச்சா?" என்றேன்.

தூரத்திலிருந்து டீச்சர், "கையில இருக்கு. நீ எங்க இருக்க?" என்றார்.

காலையிலிருந்து 'நீங்க' என்றுதான் சொன்னவர்.

அடையாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் இடது ஓரமாகக் கார் நின்றது. பானெட் திறந்திருந்தது. டீச்சரின் ஒரு கையில் கிரீஸ், இன்னொரு கையில் இரண்டு வளையல். பின் சீட்டில் அந்த அம்மா கட்டியிருந்த துண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு அழுதார்.

"நீ நிறுத்துன்னு சொன்னதும் கால் தானா பிரேக்ல போயிடுச்சு. பின்னாடி வந்தவன் எங்க பரம்பரையையே திட்டிட்டுப் போறான். எங்க அந்த ஃபியூஸ்?"

ஃபியூஸைக் காட்டினேன். பிறகு செருகியிருந்த செம்புக் கம்பியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்ன ஆகும்? சொல்லு."

"மஞ்சள் ஒயர் பாடியத் தொட்டா ஃபியூஸ் எரிஞ்சு கரண்ட் நின்னுரும். இது எரியாது டீச்சர். ஒயர்தான் எரியும்."

"அம்மா உள்ள."

பையிலிருந்து டார்ச்சை எடுத்தேன்.

குனிந்து தகட்டு ஓட்டையைப் பார்த்தேன். சூட்டில் டேப் ஒரு விரல் அளவு வழுக்கிக் கீழே போயிருந்தது. ஒயரின் மஞ்சள் தோலில் தகட்டு விளிம்பு கீறிய ஒரு கோடு. உள்ளே செம்பு தெரியவில்லை, ஆனால் தோல் மெலிந்திருந்தது. மந்தைவெளியிலிருந்து அங்கே வரைக்குமான ஓட்டத்தில் அவ்வளவு. டீச்சர் அம்மாவின் பக்கம் திரும்பியிருந்தார். சத்தமில்லாமல் மேலே டேப் சுற்றியிருக்கலாம். கூப்பிட்டுக் காட்டினேன். டார்ச்சை வாங்கி அவரே பார்த்தார். கணக்கு நோட்டில் தப்பு பார்க்கிற மாதிரி, வேகமில்லாமல்.

"இதையும் நீதான் சுத்தின?"

"ஆமா டீச்சர்."

கீறல் விழுந்த பகுதியை வெட்டி எறிந்தேன். புது ஒயர் போட்டேன். பையிலிருந்த சைக்கிள் ட்யூப் துண்டைக் கீறி ஓட்டை விளிம்பு முழுக்க மாட்டி, ஒயர் அசையாமல் இரண்டு இடத்தில் கட்டினேன். அவர் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றுக்கும் 'இது எதுக்கு' என்று கேட்டார். சொன்னேன். கடைசியாக ஃபியூஸை அவர் கையில் கொடுத்தேன். அவரே அழுத்தினார். செட்டில் விளக்கு வந்தது. மஞ்சள் ஒயரில் கரண்ட் போய் வந்ததால் செட்டின் கடிகாரம் மறுபடி பன்னிரண்டில் தொடங்கியது. பாட்டு வந்ததும் அழுகை நின்றது. பின் சீட்டிலிருந்து குழறலாக ஒரு குரல்: "நடுவுல... எவன்டா கத்துனது?"

"இவர்தான்மா" என்றார் டீச்சர்.

நான் பையை மாட்டிக்கொண்டு திரும்பினேன்.

"எங்க போற? ஏறு."

"டீச்சர், நான் பஸ்ல..."

"நீ போட்ட ஒயர்தானே? நல்லா இருக்குல்ல? அப்ப முன்னாடி உக்காரு."

உட்கார்ந்தேன். என் முழங்காலுக்கு நேர் எதிரே, தகட்டுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் ஒயர். பாலத்தின் மேல் அடையாற்று நாற்றம் வந்தது. அதையும் மீறி ரப்பர் கருகுகிற வாடை வருகிறதா என்று மோந்துகொண்டே போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் கால் கதவுப் பக்கம் நகர்ந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். அவருடைய காலும் ஒவ்வொரு பள்ளத்திலும் பிரேக்குக்குப் போனது.

பிசியோதெரபி வாசலில் நின்றோம். பாட்டு நிற்கக் கூடாதென்று சாவியைப் பாதியில் விட்டிருந்தார். கடிகாரம் 12:16, கரண்ட் நின்று பன்னிரண்டுக்குத் திரும்பவில்லை. நான் துண்டை அவிழ்த்தேன், டீச்சர் காலைத் தூக்கினார். இடுப்பு, முதுகு, திரும்பு, மெதுவா. அந்த அம்மா மறுபடி என் காலரைப் பிடித்துக்கொண்டார். சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, சாவியை எடுக்க உள்ளே குனிந்தேன்.

12:27.